நான் போட்ட றோட்டுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் அரசாங்க வீதிகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று ஒருவன் புறப்பட்டால், அவனுக்கு முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. கொழும்பு மட்டக்குளியில் பிறந்து மட்டக்குளியிலேயே தலை நரைத்தவன் நான். இன்றைக்கும் அளுத்மாவத்தையிலிருந்து உள்ளே திரும்பி ஒரு வீட்டைத் தேடுவதென்றால் சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரரைத்தான் கேட்பேன். எங்கள் காக்கைதீவுக் கடற்கரைக்கு வழி கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரைக் களனி ஆற்றுப் பாலத்தில் ஏற்றி வத்தளைப் பக்கம் அனுப்பிவைத்த புண்ணியமும் எனக்கு உண்டு.

அப்படிப்பட்டவனுக்கு வன்னியில் என்ன வேலை? அம்மாவின் ஊர் முள்ளியவளை. போர் முடிந்து பாதை திறந்து அங்கே போய்வரத் தொடங்கிய காலத்தில்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டேன். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. உலக வரைபடத்தை யாரும் திருத்தலாம், யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம். 2010இன் கடைசியில் மைக்ரோசொஃப்ட் தன் பிங் செய்மதிப் படங்களையும் இதற்குப் பார்த்து வரைய விட்டுவிட்டது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தில் தெரியும் கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுத்தால் போதும், றோட்டு. மட்டக்களப்பில் உலக வங்கியின் துணையோடு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2012இல் ஆரம்பித்த வேலையில் மண்முனை வடக்கில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் இந்த வரைபடத்தில் ஏறின. முல்லைத்தீவைத் திறந்து பார்த்தால் பச்சையும் நீலமும்தான் அதிகம். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

ரோசம் வந்தாலும் கணக்குப் பார்க்கத் தவறவில்லை. எல்லா ஒழுங்கையையும் போட நான் என்ன பைத்தியமா? அரசாங்க வீதிகள் மட்டும். இலங்கையில் ஏ, பி தர வீதிகள் மத்திய அரசுக்குக் கீழே வரும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நாடு முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர். சி, டி தர வீதிகள் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்தின் கைக்குப் போயின. அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் பிரதேச சபையுடையவை. முல்லைத்தீவு 1978இல் உருவான மாவட்டம்; 2012 குடிசன மதிப்பில் ஒரு இலட்சத்துக்கும் குறைந்த சனம். ஏ தரத்தில் மாங்குளத்தைத் தொட்டுக்கொண்டு போகும் ஏ9இன் ஒரு துண்டு இருக்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்கு வருவது ஏ34. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வருவது ஏ35. பி தரத்தில் கொஞ்சம். வெசாக் விடுமுறைக்குள் முடித்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். எந்த வருட வெசாக் என்று அவள் கேட்டிருக்க வேண்டும்.

முதல் சறுக்கல் மாங்குளத்திலேயே. ஏ9க்குப் பக்கத்தில் நூல் பிடித்தாற்போல நேரான கோடு ஒன்று படத்தில் கிடந்தது. இருபுறமும் காடு ஒதுங்கி நின்றது. இவ்வளவு நேராகக் காட்டை வெட்ட அரசாங்கத்தால்தான் முடியும் என்று தீர்மானித்து அதற்குப் பி தரம் வழங்கினேன். இலக்கம் கிடைத்ததும் போடலாம் என்று ஒரு கேள்விக்குறியையும் வைத்தேன். சில மாதங்களில் ஜேர்மனியிலிருந்து ஒருவர் மிகுந்த மரியாதையோடு எழுதினார்: இது பழைய புகையிரதப் பாதைபோலத் தெரிகிறதே, உள்ளூர் அறிவு உள்ளவர் யாராவது உறுதிப்படுத்துவீர்களா? உள்ளூர் அறிவு உள்ளவர் என்று அவர் நம்பியது என்னை.

அது வடக்குப் புகையிரதப் பாதைதான். 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளங்கள் பதுங்கு குழிகளுக்குப் போய், மண்மேடு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. சின்ன வயதில் அம்மாவின் மடியில் இருந்து மாங்குளம் வரை அந்தப் பாதையில் போனவன் நான் என்பதை இங்கே குறைந்த குரலில் சொல்லிவைக்கிறேன். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. அதற்குள் நான் கோட்டை அழித்துவிட்டேன். யாழ்தேவிச் சாரதிக்கு என் வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் பி தர வீதியில் ரயில் ஓட்டுகிறோமே என்று கலங்கியிருப்பார்.

அதற்குப் பிறகாவது அடங்கியிருக்கலாம். முத்தையன்கட்டுக் குளத்தருகே இன்னொரு அழகான கோடு தெரிந்தது. வளைந்து, அகலமாய், ஒரு பக்கம் முழுக்க நீலத் தண்ணீர். அதையும் போட்டுவிட்டு, படத்தை எடுத்து முள்ளியவளையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். மாமா உடனேயே தொலைபேசியில் வந்தார்.

“மருமோன், உது றோட்டில்லையடா. குளக்கட்டு.”

“மேலை வாகனம் போன தடம் கிடக்குது மாமா.”

“கட்டுக்கு மேலை நானும்தான் சைக்கிள்ளை போறனான். அதுக்காக றோட்டோ? உதிலை பஸ்ஸை விட்டியெண்டால் இறிகேசன்காரன் உன்னைப் பிடிச்சுத் துருசுக்குள்ளை போடுவான்.”

மாமா சொன்னதில் ஒரு மாவட்டத்தின் வீதி நிருவாகமே அடங்கியிருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை. வன்னியில் ஒரு தடம் எப்படித் தெரிகிறது என்பதற்கும் அது யாருடையது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. குளக்கட்டும் வாய்க்கால் ஓரப் பாதையும் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. காட்டுக்குள் போவது வனத் திணைக்களத்தின் எல்லைக்குள் வரலாம். ஊருக்குள் போவது பிரதேச சபை. ஊரையும் ஊரையும் சேர்ப்பது மாகாணத்துடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செய்மதிக்கு எல்லாம் ஒரே கோடு.

இதை ஒத்துக்கொள்ளாமல் நான் ஒரு சட்டம் இயற்றினேன். கறுப்பாக வழுவழுப்பாகத் தெரிந்தால் அதிகார சபை. சிவப்பாகத் தெரிந்தால் பிரதேச சபை. கொஞ்ச நாள் நன்றாகத்தான் வேலை செய்தது. பிறகு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ஐ-றோட் திட்டம் கிராமத்து வீதிகளையும் காப்பெற் ஆக்கத் தொடங்கியது. 2020இல் ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டம் என்று இன்னொன்று வந்தது. மாடு படுத்த ஒழுங்கை கறுத்துப் பளபளத்தது. பட்டியலில் பி என்று இருந்த வீதியோ கிறவலும் கிடங்குமாய்க் கிடந்தது. என் சட்டப்படி ஒழுங்கைகளுக்குப் பதவி உயர்வும் பி தர வீதிகளுக்குப் பதவி இறக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் நான் செய்த ஒரேயொரு அதிகாரப் பரவலாக்கம் அதுதான்.

நேரில் போய்ப் பலகையைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனேன். பலகைகள் இருக்கின்றன, குறை சொல்லக்கூடாது. இந்த வீதி யாருடைய கடனில் போடப்பட்டது, எந்த அமைச்சர் திறந்துவைத்தார், எத்தனை மில்லியன் ரூபாய் என்று மும்மொழியிலும் எழுதியிருக்கும். நாளைக்கு இதில் கிடங்கு விழுந்தால் யாரிடம் போய்க் கத்த வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் மூன்று மொழியிலும் இருக்காது.

இனி வருவதுதான் பெரிய கதை. வீட்டில் இதைச் சொல்ல எனக்குத் தடை.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கரையோரமாக ஒரு வீதி போகிறது. சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். வீதியின் அரசாங்கப் பெயர் முல்லைத்தீவு–கொக்கிளாய்–புல்மோட்டை வீதி, பி தரம். பெயரிலேயே புல்மோட்டை இருக்கிறது. ஆகவே புல்மோட்டை வரை போட வேண்டும். கொக்கிளாயில் வந்து பார்த்தால் களப்பின் வாய், நீலம். அக்கரையில் புல்மோட்டைப் பக்கத்து வீதி தெளிவாகத் தெரிகிறது. இடையில் தண்ணீரின் குறுக்கே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. படம் பழசு, பாலம் புதுசாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த வருடங்களில் வடக்கிலும் கிழக்கிலும் எங்கே பார்த்தாலும் பாலம் திறந்துகொண்டிருந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல், மன்னார்ப் பாலம் 2010இல், சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில். கொக்கிளாயை மட்டும் விட்டிருப்பார்களா? இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்து, பாலம் என்று குறியிட்டு, பெருமையோடு படுக்கப் போனேன்.

அரசாங்கங்கள் பேசிப் பேசியே கடத்திய பாலத்தை ஒரே இரவில் கட்டியவன் நான்.

என் பாலத்தை உலகத்தில் யாரும் பாவிக்கவில்லை, என்னைத் தவிர. மறு வருடம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்குத் திருகோணமலை போனோம். அங்கிருந்து முள்ளியவளைக்கு மாமா வீட்டுக்குப் போக வேண்டும். வேன் சாரதி மட்டக்குளிக்காரர், அனுபவசாலி. வவுனியா பக்கமாகச் சுற்றிப் போவோம் அண்ணன் என்றார். எதற்குச் சுற்ற வேண்டும், கடற்கரையால் போகலாம், வரைபடம் காட்டுகிறது என்றேன். அந்த வரைபடத்தை யார் கீறியது என்று சொல்ல மறந்துவிட்டேன். நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று வழி அருமையாக இருந்தது. புல்மோட்டை தாண்டிச் சிறிது நேரத்தில் வீதி மெலிந்தது, பிறகு மணலானது, பிறகு தண்ணீரானது. அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் சாரதி விசாரித்தார்.

“பாலமா? இங்க எங்க பாலம் இருக்கு? வள்ளம் இருக்கு. ஆக்கள் போகலாம், வேன் ஏறாது.”

“மெப்பில பாலம் இருக்கே,” என்றார் சாரதி, பாவம், என் மேல் நம்பிக்கை வைத்து.

“அத வரஞ்ச மனுசனக் கூட்டிட்டு வாங்க, காட்டச் சொல்லுவம்.”

நான் அக்கரையில் தெரிந்த கொக்கிளாயைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். மனைவி என்னைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள். பதவியாப் பக்கம் திரும்பி, பெரிய சுற்றுச் சுற்றி, மாமா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரவுச் சோறு ஆறிப்போயிருந்தது. சாரதிக்கு மேலதிக டீசல் காசு கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, அடுத்த முறை எங்காவது போவதென்றால் சொல்லுங்கள் அண்ணன், ஆனால் வழியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “மருமோன் கொக்கிளாய்க்குப் பாலம் போட்டவர்” என்று அறிமுகப்படுத்திவைத்தார். அந்தப் பட்டம் இன்றைக்கும் முள்ளியவளையில் இருக்கிறது.

இதில் தவறு முழுக்க என்னுடையதா என்றால், முழுக்க என்னுடையதுதான். ஆனால் பட்டியலில் இருக்கும் ஒரு வீதி நடுவில் தண்ணீருக்குள் இறங்கி அக்கரையில் ஏறும் என்று எவன் எதிர்பார்ப்பான்? அரசாங்கத்தின் ஏட்டில் வீதி ஒன்றுதான். களப்பின் வாயில் வள்ளம் ஓட்டுகிறவருக்குத்தான் அது இரண்டு. ஏட்டையும் நம்பக்கூடாது, செய்மதியையும் நம்பக்கூடாது என்றால் மிஞ்சுவது வலை காயப்போடும் மனிதர். அவரை நான் வரைவதற்கு முன்னால் கேட்கவில்லை.

கிளிநொச்சிக்காரர் ஒருவரிடம் பட்டதும் இதே வகை. முல்லைத்தீவைக் கெடுத்தது போதாதென்று பக்கத்து மாவட்டத்துக்கும் கைநீட்டிய காலம். தன் கடையை வரைபடத்தில் போட்டுத் தரும்படி கேட்டவர், ஏ9 வீதி, 155ஆம் கட்டை என்று முகவரி சொன்னார். மட்டக்குளிக்காரனுக்கு 155 என்றால் இரத்மலானைப் பக்கம் போகும் பஸ். இருந்தாலும் நான் தொழில் தெரிந்தவன் அல்லவா? ஏ9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, 321 கிலோமீற்றர். கண்டியிலிருந்து 155 கிலோமீற்றர் எண்ணி, துல்லியமாகப் புள்ளி வைத்தேன். கடை மதவாச்சிப் பக்கம் போய் விழுந்தது. கட்டை என்பது மைல். கிலோமீற்றர் கல் நட்டு எவ்வளவோ காலமாகியும் சனம் மைலிலேயே குடியிருக்கிறது. 155ஆம் மைல் கிளிநொச்சியில்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அப்பா கடைசிவரை கட்டைக் கணக்கில்தான் பேசினார். அவர் மகன் அதை மதவாச்சியில் கொண்டுபோய் இறக்கினான். கடைக்காரர் கோபிக்கவில்லை. மதவாச்சியில் கிளை திறக்கும் யோசனை இல்லை என்று மட்டும் எழுதினார்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஆவணம் தேடுவோம் என்ற புத்தி வந்தது. முன்னோர் எப்படிச் செய்தார்கள் என்று படித்துப் பார்த்தேன், படிக்காமலே இருந்திருக்கலாம். இந்த நாட்டின் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கியது. தோமஸ் ஸ்கின்னர் பதின்ம வயதுப் பையனாகக் கண்டி வீதி வேலைக்குப் போனவர். மலைநாட்டைக் காலால் நடந்து அளந்து வரைபடமாக்கியவர். பிறகு வீதிகளுக்கெல்லாம் ஆணையாளரானார். கொழும்பில் அவர் பெயரில் வீதி இருந்தது. காய்ச்சலோடும் அட்டையோடும் அவர் செய்ததை நான் தேநீரோடு செய்யப் போய்க் குளத்துக்கு மேல் பஸ் விட்டேன். 1848இல் ஆள்பதி டொறிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டம் ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. அந்த வருடத்து மாத்தளைக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சட்டம் இன்றைக்கு இருந்தால் மூன்று சிலிங்கையும் வாங்கிக்கொண்டு என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருப்பார்கள்.

1895இல் ஜே.பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வன்னி மாவட்டங்கள் பற்றி ஒரு கைந்நூல் எழுதினார். அவருக்கும் வன்னி அந்நியம்தான். ஆனால் அங்கேயே இருந்து, கேட்டு, எழுதினார். எனக்கு அந்த இரண்டு பழக்கமும் இல்லை.

பிறகு 1:50,000 அளவிலான நில அளவைத் தாள்களை வாங்கினேன். நல்ல தாள்கள். பிரதான வீதி, சிறு வீதி, வண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை எல்லாம் உண்டு. வீதி எப்படிப்பட்டது என்று சொல்லும். யாருடையது என்ற என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016இன் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில். ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் சகல வீதிகளினதும் சகல விபரங்களையும் தருக என்று எழுதினேன். ‘சகல’ என்ற சொல்லை நான் இரண்டு தரம் போட்டதை வாசித்தவர் சிரித்திருக்க வேண்டும். உரிய காலத்தில் பதில் வந்தது: எந்தத் தரம், எந்த வீதி, எங்களுடையது அல்லாதவற்றை அந்தந்த நிறுவனத்திடம் கேட்கவும். சரி என்று அதே கடிதத்தை இன்னொரு அலுவலகத்துக்கும் அனுப்பினேன். மேலே முதல் அலுவலகத்தின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அவர்கள் அதைப் பொறுப்பாக முதல் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தார்கள்.

சிரிக்க முடியாத இடங்களும் இருந்தன. வற்றாப்பளைப் பக்கமிருந்து கேப்பாபிலவு வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போகும் தடம் படத்தில் ஒழுங்காகத் தெரிந்தது, கோடு இழுத்தேன். காவலரணும் தடைக்கம்பும் வானத்திலிருந்து தெரியாது. அந்த ஊர்ச்சனம் 2017இல் இராணுவத்திடமிருந்த தங்கள் காணிக்காக வீதியோரம் உட்கார்ந்து போராடியபோது, என் வரைபடத்தில் அவர்கள் தங்கு தடையில்லாமல் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வட்டுவாகலும் அப்படி. ஏ35 முல்லைத்தீவுக்குள் வருமுன் நந்திக்கடலின் வாயைக் கடக்கும் பழைய பாலம் அது. தாழ்ந்து, ஒடுங்கி, எதிரில் வாகனம் வந்தால் ஒன்று நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். 2009 மே மாதத்தில் உயிர் தப்பிய சனம் நடந்து வெளியே வந்த பாலம். ஏ தரம் என்பதால் இரண்டு வழி, சாதாரணம் என்று இரண்டு சொடுக்கில் குறியிட்டுவிட்டு அடுத்த வீதிக்குப் போயிருந்தேன். மாமாவிடம் அதைக் காட்டியபோது அவர் பகிடி விடவில்லை. “உதை ஒருக்கா நடந்து பாத்திட்டுக் கீறு,” என்றார். நடந்து பார்த்துத்தான் திருத்தினேன். 2025 செப்டெம்பரில் அங்கே புதிய பாலத்துக்கான வேலையைத் தொடக்கிவைத்தார்கள். அதை நான் இன்னும் வரையவில்லை. கட்டி முடிக்கட்டும்.

ஒரு நாள் மனைவி கேட்டாள், முல்லைத்தீவில் இருக்கிற றோட்டெல்லாம் யாருடையது என்று தேடுகிறீர்களே, நமது ஒழுங்கை யாருடையது? அப்போது எங்கள் ஒழுங்கையில் வடிகான் மூடி உடைந்து, பள்ளிக்கூட வேன் உள்ளே வராமல் சந்தியிலேயே பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. மாநகர சபைதானே என்றேன். கொழும்பின் ஒழுங்கைகள் மாநகர சபைக்குரியவை, சில பெரிய வீதிகள் அதிகார சபைக்குரியவை, இது எல்லாருக்கும் தெரிந்ததே என்று ஒரு சிறிய விரிவுரையும் ஆற்றினேன். விசாரித்துப் பார்த்தால் எங்கள் ஒழுங்கையின் முன்பாதி ஒரு கணக்கிலும், தோட்டத்துக்குள் போகும் பின்பாதி தனியார் காணி என்றும் இருந்தது. உடைந்த மூடி சரியாக இரண்டும் சந்திக்கும் இடத்தில். வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் ஒழுங்கையே அதில் இல்லை. இவ்வளவு காலமும் முல்லைத்தீவின் ஒட்டுசுட்டான் சந்தியை அங்குலம் அங்குலமாக நகர்த்தியவன், தன் வீட்டு வாசலை வெறும் சாம்பல் நிறமாக விட்டுவைத்திருந்தேன். பின்னேரமே போட்டேன். அதிலும் முன்பாதியை வடிகானுக்கு அந்தப்பக்கம் வரைந்துவிட்டதாகப் பிள்ளை சொல்கிறான்.

யாருக்கு வேண்டும் இந்த வேலை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மதகு உடைந்த வீதியில் நின்று, பிரதேச சபைக்குப் போனால் அது மாகாணத்துடையது, மாகாணத்துக்குப் போனால் அது அதிகார சபையுடையது என்று அலைந்த எந்த ஊர்ச் சங்கத்துத் தலைவரையும் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வார். வீதி யாருடையது என்பது மக்களிடம் ஒளித்து வைக்க வேண்டிய இரகசியம் அல்ல. ஆனால் நடைமுறையில் அப்படித்தான் கிடக்கிறது. கடன் கொடுத்த வங்கியின் பெயருக்குப் பலகையில் இடம் இருந்தால், பொறுப்பான நிறுவனத்தின் பெயருக்கும் வீதியின் இலக்கத்துக்கும் இடம் இருக்கத்தான் வேண்டும். இது என் தீர்ப்பு. கொக்கிளாய்க்குப் பாலம் போட்டவனின் தீர்ப்பு என்பதால் வேண்டிய அளவு தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

முல்லைத்தீவு வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிரதேச சபையில் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். உங்கள் ஊர் வீதி ஒன்றின் பெயர், அது தொடங்கும் சந்தி, முடியும் இடம் மூன்றையும் எழுதி, இது யாருடைய பொறுப்பு என்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள். ‘சகல’ வேண்டாம். கிடைத்த பதிலை வரைபடத்தில் நீங்களே ஏற்றுங்கள், அல்லது ஏற்றத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். என்னிடம் மட்டும் தராதீர்கள். விண்ணப்பப் படிவத்துக்குக் காசு இல்லை. தமிழிலேயே எழுதலாம்.